வினவலும் பாடபேதமும்

ஒரு நூலுக்கு ஏடுகள் பல கிடைத்தவிடத்து, அவற்றுள் எது உண்மைப் பாடம் என்று துணிதல் எத்துணை அரிது என்பதைப் பதிப்பாசிரியர் அறிவர். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இல் கலித்தொகையை அச்சேற்றுமுன் ஏடுகளை ஒப்புநோக்கியே பாடங் கண்டனர். ஏடுகளில் புள்ளியில்லை, ரகரமும் காலும் ஒரே வடிவின. இக்காலத்து நூற்பட்டியலோ கணினித் தரவுத்தளத்தில் உள்ளது. ஆண்டும் பாடபேதம் உண்டு. ஒரே வினவலைப் பல தரவுத்தளங்களிடம் விடுத்தால் விடை ஒவ்வோரிடத்து ஒவ்வொருவாறு வரும்.

இதற்கு மருந்தாகப் பலருங் கூறுவது ஒன்றே. எஸ்.கியூ.எல். என்னும் வினவல் மொழிக்கு நியமம் உண்டு; நியமத்தில் உள்ளவற்றையே எழுதினால் வினவல் எங்கும் செல்லும் என்பர். இக்கூற்று பாதியே மெய் என்பது எமது துணிபு.

கொட் என்பார் உறவுமுறைத் தரவு மாதிரியை 1970இல் வெளியிட்டார். சேம்பர்லினும் பொய்சும் 1974இல் அதற்கொரு மொழி கண்டனர். அமெரிக்க நியமம் 1986இலும் அனைத்துலக நியமம் 1987இலும் வந்தன. அதற்குள் ஒராக்கிள் முதலிய விற்பனை முறைமைகள் தத்தம் வழக்கை ஊன்றிவிட்டன. வழக்கு முந்தியது, இலக்கணம் பிந்தியது. முதற் பத்து நூல்களை மாத்திரந் தருக என்பதற்கு மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் ஆகியவை ‘லிமிற்’ என்னுஞ் சொல்லை ஏற்கும். மைக்ரோசொவ்ற்றின் முறைமை ‘ரொப்’ என்பதை வேண்டும். 2008ஆம் ஆண்டு நியமம் வகுத்த தொடரோ இவ்விரண்டும் அன்று. அதனை மைஎஸ்கியூஎல்லும் எஸ்கியூலைட்டும் ஏலா. நியமத்தைப் பின்பற்றினவனே தள்ளப்படுகின்றான்! ஆயினும் இது சிறு குற்றமே. பொறி பிழையென்று வாய்விட்டுரைத்தால் திருத்திக்கொள்ளலாம்.

வாய்திறவாப் பிழைகளே அஞ்சத்தக்கன. பழைய யாழ்ப்பாணத்து அச்சு நூல்கள் சிலவற்றில் ஆண்டு இல்லை. பட்டியலில் அவ்விடம் வெற்றாக விடப்படும். ஆண்டுமுறையில் அடுக்குக என்றால், போஸ்ட்கிரெஸ்சும் ஒராக்கிளும் அந்நூல்களை ஈற்றில் வைக்கும். மைஎஸ்கியூஎல்லும் எஸ்கியூலைட்டும் தலைப்பில் வைக்கும். ‘யாழ்ப்பாணம்’ என்னுஞ் சொல்லின் நீளம் யாது என்று வினவுக. பள்ளிச் சிறுவன் ஆறெழுத்து என்பான். உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனி எண்ணிப் போஸ்ட்கிரெஸ் 11 என்னும். ‘லெங்த்’ என்ற அதே சொல்லுக்கு மைஎஸ்கியூஎல், ஒவ்வொரு குறிக்கும் மும்மூன்று பைற்று வீதம் கணக்கிட்டு, 33 என்னும். மூன்றும் தத்தம் நெறியிற் சரியே. பேரெழுத்துச் சிற்றெழுத்து வேற்றுமை நமக்கில்லாமையால் ஆங்கிலத்தார் படுந் துன்பமொன்று நமக்குக் குறைந்தது என்று மகிழ்ந்தவர்க்கு இஃதொரு தண்டம் போலும்.

அகரவரிசையில் நேரும் மயக்கம் இவற்றினும் பெரிது. நளவெண்பா, நறுந்தொகை, நன்னூல் என்னும் மூன்றும் நம் நெடுங்கணக்கின்படி இம்முறையிலேயே நிற்றல் வேண்டும். ளகரம், றகரம், னகரம் என்பதே மரபு. யூனிகோட்டில் இவ்வெழுத்துக்கள் பெற்ற எண்களோ னகரம், றகரம், ளகரம் என ஏறுவன. இந்திய எழுத்துக்கள் யாவற்றையும் தேவநாகரியின் நிரலுக்கு இணங்க அடுக்கிய 1988ஆம் ஆண்டின் இந்தியக் குறியீட்டு முறையை யூனிகோட்டும் தழுவிற்று. அதனால் னகரம் நகரத்தின் அருகும், றகரம் ரகரத்தின் அருகும், ளகரம் லகரத்தின் அருகும் சென்றன. எனவே எண்ணை மாத்திரம் நோக்கும் எஸ்கியூலைட், நன்னூலை முதலிலும் நளவெண்பாவை ஈற்றிலும் வைத்துப் பட்டியலைத் தலைகீழாக்கும். போஸ்ட்கிரெஸ், அமைத்தவர் தமிழ் விதியைத் தெரிந்தாராயின் நம் முறையையும், ‘சி’ என்னும் விதியைத் தெரிந்தாராயின் மற்றையதையும் தரும். வினவலில் ஓரெழுத்தும் மாறவில்லை, நியமமும் மீறப்படவில்லை.

கொகரத்தின் நிலை இன்னுங் கவலைக்குரியது. அதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேற்றுமையில்லை. குறியீடுகளை உள்ளவாறே ஒப்பிடும் தளத்துக்கு அவை இரு வேறு சொற்கள். ஒருவர் ஒருவகையாற் பதிந்த ‘கொழும்பு’ என்னும் பெயரை மற்றொருவர் மறுவகையால் தேடின், நூல் இல்லை என்ற விடையே வரும். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களை எரியக் கொடுத்த நாட்டில், இருக்கும் நூலை இல்லையென்னும் பட்டியலைச் சிறு குறையென்று பொறுத்தல் இயலாது. அவ்வழிவுக்குப் பின் பட்டியலைப் பலவிடத்துப் படியெடுத்து வைக்க வேண்டுமென்பதை எவரும் மறுக்கார். படிகள் பலவாயின் தளங்களும் பலவாகும். ஒரு படியில் உள்ள நூல் மற்றொன்றிற் கிடையாதாயின் எதனை நம்புவது?

இடைநிலை மென்பொருள் இவையனைத்தையும் பார்த்துக்கொள்ளும் என்பாரும் உளர். அது ‘லிமிற்’ என்பதை ‘ரொப்’ என்று மொழிபெயர்க்கும், அவ்வளவே. வரிசையையும் ஒப்புமையையும் பெரும்பாலும் தளத்தின் விருப்பிற்கே விட்டுவிடும். மீடியாவிக்கி இதற்கு ஒரு நல்ல விலக்கு. அது பகுப்புப் பக்கங்களுக்கு வேண்டிய வரிசைத் திறவைத் தானே கணித்துத் தளத்தில் எழுதிவைக்கின்றது. தளம் அதனை உள்ளவாறு அடுக்குவதன்றி வேறு செய்வதில்லை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகமும் இம்மென்பொருளையே தன் தளத்துக்குக் கொண்டது.

இம்முறையே பின்பற்றத்தக்கது. நெடுங்கணக்கின்படி ஒவ்வோர் எழுத்துக்கும் ஈரிலக்க எண் கொடுத்து, தலைப்பிற்கு எதிரே தனி நிரலில் எழுதுக. எண்களின் ஏற்றம் எத்தளத்தும் ஒன்றே. கொகர வேற்றுமையைப் பதியும்போதே ஒருவடிவாக்குக; தேடுஞ் சொல்லையும் அவ்வாறே செய்க. ஆண்டு வெற்றோ அன்றோ என்பதை முதலடுக்காகவும் ஆண்டினை இரண்டாம் அடுக்காகவும் வினவலில் வெளிப்பட எழுதுக. முழுப்பாடத் தேடல் போன்றவற்றில் ஒவ்வொரு தளத்தின் தனிச்சிறப்பையும் பயன்கொள்ளுதல் தவறன்று. அப்பகுதி புறம்பாக ஓரிடத்தில் நிற்றல் போதும்.

புதிய தளமொன்றுக்குப் பட்டியலை மாற்றுவோர் முதற்கண் மேற்கூறிய மூன்று நூற்பெயர்களை இட்டு அடுக்கிப் பார்க்க. நன்னூல் முன்வந்து நிற்குமாயின், மற்றைய நூல்களை ஏற்றுமுன் ஆண்டே நிறுத்தி விதியைத் திருத்துக.