கரையேறியது யார்?

அண்மையில் எங்கள் ஊர்க் கவியரங்கொன்றில் ஒரு கவிதை கேட்டேன். வாப்பா தோணிக்காரர், வீட்டிலுள்ள குமர்கள் பாரம், கலியாணம் கரை. சபை கைதட்டியது. எனக்கும் கண் கலங்கியது. வீடு திரும்பும்போதுதான் ஒரு கேள்வி வந்தது: இந்த உருவகம் கவிஞருடையதா, நம் எல்லோருடையதுமா?

நம் எல்லோருடையதும்தான். "அல்ஹம்துலில்லாஹ், மூணு குமரையும் கரையேத்திட்டன்" என்று என் உம்மா சொன்னதும், அதன்பின் விட்ட பெருமூச்சும் இன்னும் காதில் இருக்கின்றன. உருவகம் என்றே நாம் உணராத உருவகம் இது.

பள்ளிக்கூடத்தில் உருவகத்தை ஓர் அணியாகப் படித்தோம். தண்டியலங்காரமும் அப்படித்தான் வகுக்கிறது. அணி என்றதும், வேண்டாதபோது கழற்றி வைக்கக்கூடிய நகை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்துல் காஹிர் அல் ஜுர்ஜானி வேறுவிதமாகச் சிந்தித்தார். 'இஸ்திஆரா' என்ற அறபுச் சொல்லுக்கு இரவல் கேட்டல் என்பது நேர்ப்பொருள். ஆனால் வீரன் ஒருவனைக் கண்டு 'சிங்கத்தைக் கண்டேன்' என்பவர் பெயரை மட்டும் இரவல் வாங்கவில்லை. சிங்கம் என்பதன் பொருளையே அவனுக்கு உரிமை கோருகிறார் என்றார் ஜுர்ஜானி. ஜோர்ஜ் லேகோஃப், மார்க் ஜோன்சன் இருவரும் 1980இல் வெளியிட்ட நூலில், அன்றாடச் சிந்தனையே பெரும்பாலும் உருவகங்களால் அமைந்தது என்றும், உருவகம் ஒரு பக்கத்தைக் காட்டி மறுபக்கத்தை மறைக்கிறது என்றும் விளக்கினார்கள்.

நம் கரையேற்றம் காட்டுவது பெற்றோரின் தவிப்பை. அதில் பொய் இல்லை. மறைப்பது எதை? எங்கள் கிழக்கில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் பெரும்பாலும் பெண்ணுக்கே எழுதப்படும். என் மூத்த ராத்தா பிறந்த வளவிலேயே இருந்தார். வாப்பாவும் உம்மாவும்தான் பின்பக்கம் ஒரு சின்ன வீட்டுக்கு ஒதுங்கினார்கள். வாப்பா 6 வருசம் கடன் அடைத்தார். ராத்தா இருந்த இடத்தைவிட்டு அசையவேயில்லை. கடலில் இறங்கியவர் வாப்பா. ஆனாலும் ராத்தா கரையேறிவிட்டார் என்றுதான் ஊர் சொன்னது.

"அது சும்மா சொல்ற பேச்சுதானே" என்று நண்பர் ஒருவர் மறுத்தார். சும்மா சொல்கிற பேச்சுக்கு இவ்வளவு பலம் இராது. குமர் கடலில் தத்தளிக்கிறாள் என்று ஒப்புக்கொண்டால், கரை எப்படிப்பட்டது என்று யாரும் விசாரிப்பதில்லை. அவசரம் நியாயமாகிறது. சீதனம் தோணிக்கூலியாகிறது. இன்னும் படிக்க வேண்டும் என்று அவள் கேட்பது, நேரங்கெட்ட நேரத்துக் கேள்வியாகிவிடுகிறது. இந்த அர்த்தங்களை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உருவகமே அவற்றை உண்டாக்கிக் கொடுக்கிறது.

கவிஞர் பழைய உருவகத்தை எடுத்தார் என்பது என் குறையல்ல. ஊர்ப்பேச்சைத் தொடாத கவிதை ஊரில் நிற்காது. எடுத்ததை அவர் திருப்பிப் பார்க்கவில்லை என்பதுதான் குறை. தோணியில் இருந்த பெண் கடைசிவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவளுக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்டிருந்தால்கூட, அதே தோணியும் அதே கடலும் வேறொரு கவிதையாகியிருக்கும்.

இதை ராத்தாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "நான் எப்ப தம்பி கடலுக்க கிடந்தன்?" என்று கேட்டார்.

கவியரங்கில் யாராவது அதைக் கேட்டிருக்கலாம்.