தலைக்கு ஏறிய தரைத்துணி

மேடையில் ஒரே ஒரு பெண். வெள்ளைச் சட்டை, கொசுவம் வைத்த நீண்ட வெள்ளைப் பாவாடை, கையில் ஒரு நீள வெள்ளைத் துணி. 1971இல் ஆல்வின் எய்லி அமைத்த ‘க்ரை’ என்னும் தனி நடனத்துக்கு இவ்வளவுதான் மூலதனம். வசனமில்லை, முத்திரையுமில்லை. ஆனாலும் ஏறத்தாழ 16 நிமிடத்தில் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் தலைமுறை தலைமுறையான பாடு கண்முன் வந்துவிடுகிறது.

எய்லி டெக்சஸில் பிறந்தவர். தாய் லூலா பருத்தி பறித்தும் வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்தும் அவரை வளர்த்தார். அந்தத் தாய்க்குப் பிறந்தநாள் பரிசாகப் பிறந்தது இந்த நடனம். எங்கும் உள்ள கறுப்பினப் பெண்கள் அனைவருக்கும், முக்கியமாகத் தாய்மார்களுக்கு, இதை அவர் காணிக்கையாக்கினார். முதலில் ஆடியவர் ஜூடித் ஜாமிசன்.

ஆலிஸ் கோல்ட்ரேனின் இசையில் நகரும் முதல் பகுதியில் அந்தத் துணியைக் கவனிக்க வேண்டும். இரு கைகளும் உயர்த்தி ஏந்திய துணி, சற்று நேரத்தில் தரைக்கு வருகிறது. மண்டியிட்டுத் தேய்க்கிறாள். மணிக்கட்டு மட்டும் அசைந்தால் அது பாவனை. இங்கே முதுகும் சேர்ந்து உழைக்கிறது. ஜாமிசன் ஏறத்தாழ ஐந்தடி பத்தங்குல உயரம். அவ்வளவு நெடிய உடம்பு தரையோடு தரையாகக் குனியும்போது, குனிய வைத்தது யார் என்ற கேள்வி தானாக எழுகிறது. பிறகு அதே துணி தோளில் சால்வையாகிறது. தலையில் முண்டாசாக ஏறுகிறது.

அழுக்குக்கு ஒன்று, அலங்காரத்துக்கு ஒன்று என்று எய்லி இரண்டு துணி கொடுத்திருக்கலாம். ஒன்றே ஒன்றைக் கொடுத்ததில்தான் நயம். தேய்த்த கையே முண்டாசும் கட்டுகிறது. வேலைக்காரி, மகாராணி என்று பிரிப்பது பார்க்கிறவர் கண், அவள் ஒருத்தியேதான்.

இரண்டாம் பகுதிக்கு லாரா நைரோவின் பாடல். போதைக்குப் பலியான ஓர் உயிரைப் பற்றியது. உடம்பு சுருள்கிறது, துடிக்கிறது, நிமிர்கிறது. மூன்றாவதில் விடுதலைப் பாட்டுக்குப் பாவாடை சுழல, ஆட்டம் சூடுபிடிக்கிறது. அதற்குள் ஆடுபவருக்கு உண்மையாகவே மூச்சு வாங்கத் தொடங்கியிருக்கும். களைப்பை நடிக்க வேண்டியதில்லை. அரங்கேற்றத்துக்கு முன் இதை முழுதாக ஒருமுறைகூட ஆடிப் பார்த்ததில்லை என்று ஜாமிசன் பின்னாளில் எழுதினார். களைத்த உடம்பு களைப்போடேயே கொண்டாடுவதால்தான் இந்த மகிழ்ச்சியை நம்ப முடிகிறது.

நீதி பேசும் கலைக்கு முழக்கம் இல்லாமல் முடியாது என்பவர்கள் ‘க்ரை’யின் பதிவைத் தேடிப் பாருங்கள். முதல் தடவை அவளைப் பாருங்கள். மறு தடவை துணியை மட்டும் பாருங்கள்.