திரையும் ஆசிரியரும்: வகுப்பறைக் கணினியை எடைபோடுதல்

பள்ளிக்கூடத்துக்குள் கணினி வரலாமா கூடாதா என்ற வாதம் தமிழ்நாட்டில் எப்போதோ முடிந்துவிட்டது. 2011இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வந்தது. 2018 முதல் வெளியான புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு ஏறியது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள், அவற்றைத் தொடர்ந்து திறன்மிகு வகுப்பறைகள், 2023இல் மணற்கேணி செயலி என்று வரிசை நீள்கிறது. இத்தனை கருவிகள் வந்தபின் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இவற்றால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்கிறார்களா? கிடைத்திருக்கும் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் விடை ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. ஆசிரியரின் கையில் இருக்கும் கருவி கற்றலைக் கூட்டுகிறது. ஆசிரியரின் நாற்காலியில் உட்காரும் கருவி கற்றலைக் குறைக்கிறது. நம் திட்டங்களில் இந்த இரண்டும் கலந்து கிடப்பதுதான் சிக்கல்.

மாணவருக்காகப் பாடத்தைப் பதிந்து வைப்பது இந்த மண்ணுக்குப் புதிய காரியம் அன்று. புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில், சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய குடைவரையின் பக்கத்தில், பாறை முகத்தில் பெரிய இசைக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. எழுத்தமைதியைக் கொண்டு அறிஞர் பலர் அதை ஏழாம் நூற்றாண்டினது என்கிறார்கள். பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, ஏழு பண்முறைகளுக்கு உரிய சுரக்கோவைகள் அங்கே வெட்டப்பட்டுள்ளன. உருத்திராசாரியாரின் மாணாக்கனான ஓர் அரசன் மாணவர் நலன் கருதி இவற்றைச் செய்தான் என்று கல்வெட்டின் இறுதிப் பகுதியே சொல்கிறது. அந்த அரசன் மகேந்திரவர்மனா என்பதில் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. பதிவு அழியவில்லை, எழுத்தும் படிக்க முடிகிறது. ஆனால் ஒரே சுரம் வெவ்வேறு உயிரோசை ஏற்று எழுதப்பட்டிருப்பது எதைக் குறிக்கிறது, சில எழுத்துகளின் மேல் வைத்த புள்ளிகளுக்கு என்ன பொருள் என்பதில் இசை அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. காரணம், அதை மாணவர் முன் பாடிக் காட்டிய ஆசிரியர் மரபு அறுந்துபோனது. எழுதியவனும் மாணாக்கன், எழுதியது மாணாக்கருக்கு. இடையில் ஆசிரியர் இருப்பார் என்ற நம்பிக்கையிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. எவ்வளவு உறுதியான பதிவும் தன்னைத் தானே கற்பித்துக்கொள்வதில்லை என்பதற்கு இதைவிடப் பழைய சான்று நமக்கு வேண்டியதில்லை.

இதைச் சொல்வதால் கருவியின் வலிமையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் நாற்பது பிள்ளைகளும் ஒரே நிலையில் இருப்பதில்லை. ஏழாம் வகுப்பில் இருந்தும் மூன்றாம் வகுப்புக் கணக்கில் திணறும் பிள்ளைக்குப் பாடநூலும் கரும்பலகையும் எட்டாத் தொலைவில் நிற்கின்றன. இந்த இடைவெளியில் கணினி உண்மையாகவே உதவும். டெல்லியில் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்னும் கற்றல் மென்பொருளைக் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் சோதித்து, முடிவுகளை 2019இல் வெளியிட்டனர். மாணவரின் தற்போதைய நிலையை முதலில் கண்டறிந்து, அங்கிருந்து பாடத்தைத் தொடங்கும் மென்பொருள் அது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் பிள்ளைகள் தெளிவான முன்னேற்றம் கண்டார்கள். இன்னொரு வலிமை, எட்டாததை எட்ட வைப்பது. செல்லின் உட்பகுதியோ கோள்களின் சுழற்சியோ அசையும் படமாகக் கண்முன் வரும்போது, ஆய்வுக்கூட வசதி குறைந்த சிற்றூர்ப் பள்ளிக்கு அது பெரிய பேறு. பாடநூல் முழுவதும் இணையத்தில் இலவசமாகத் தமிழில் கிடைப்பதும், பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்குப் பாடத்தை ஒலியாகக் கேட்க வழியிருப்பதும் சிறிய ஆதாயங்கள் அல்ல.

ஆனால் அதே சான்றுகளை முழுமையாகப் படிக்க வேண்டும். டெல்லி மையங்களில் பள்ளி நேரத்துக்குப் பின் கணினி நேரமும், சிறு குழுவாக ஓர் ஆசிரியரிடம் கற்கும் நேரமும் சேர்ந்தே இருந்தன. வெறும் கருவியை மட்டும் கொடுத்துப் பார்த்த நாடு பெரு. ‘குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தை அங்கே 319 கிராமப் பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் வெளியான அறிக்கை, கணினிப் பயன்பாடு பெருகியது, மொழியிலும் கணக்கிலும் மதிப்பெண் நகரவில்லை என்று கண்டது. இன்னும் கூர்மையான சான்று குஜராத்தில் லீ லிண்டன் நடத்திய ஆய்வு. ஒரே கணக்கு மென்பொருளை இரு விதமாகக் கொடுத்தார்கள். பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதல் பயிற்சியாகப் பயன்படுத்தியவர்கள் முன்னேறினார்கள். பள்ளி நேரத்துக்குள் ஆசிரியர் நடத்தும் பாடத்துக்குப் பதிலாகப் பயன்படுத்தியவர்கள் பின்தங்கினார்கள். மென்பொருள் மாறவில்லை, அதற்குக் கொடுத்த இடம்தான் மாறியது. என் வாதத்தின் மையமும் இதுவே.

கொரோனா காலம் இந்தக் கேள்வியைத் தமிழ்நாடு முழுவதற்கும் பொதுத் தேர்வாக்கியது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றரை ஆண்டுக்கு மேல் கல்வி திரைக்குள் ஒதுங்கியது. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியக் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தவை 4.4 விழுக்காடு, இணைய வசதி இருந்தவை 14.9 விழுக்காடு. விளைவை, கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலையைக் கணக்கெடுக்கும் ‘அசர்’ அறிக்கை காட்டியது. தமிழ்நாட்டின் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018இல் 10.2 விழுக்காடு, 2022இல் 4.8 விழுக்காடு. மீட்சி எங்கிருந்து வந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரோமெரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்தது. மாலை நேரத்தில் தெருவோரத்திலும் திண்ணையிலும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துத் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள், நடத்திய வகுப்புகள் அவை.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. தொற்றுக் காலத்தில் தோற்றது திரை அல்ல, கைப்பேசி இல்லாத வறுமைதான். எல்லா வீட்டுக்கும் கருவியும் இணையமும் கொடுத்தால் கதை வேறாகும் என்பார்கள். வறுமையும் காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் பெருவில் கருவி கைக்கு வந்தது, கற்றல் வரவில்லை. ஒரு கருவி மக்கள் வாழ்க்கையை மாற்ற என்ன தேவை என்பதைப் புதுக்கோட்டை மாவட்டமே செய்து காட்டியிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி இயக்கத்தில், எழுத்தறிவோடு சைக்கிளும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றதாக பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். சைக்கிள் அதற்கு முன்பும் கடைகளில் இருந்தது. அதைப் பெண்களிடம் சேர்த்தவர்கள், பின்னால் பிடித்துக்கொண்டே ஓடிக் கற்றுக்கொடுத்த தொண்டர்கள்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. ஐந்து வகுப்புகளை ஓரிரு ஆசிரியர்களே கவனிக்கும் தொடக்கப் பள்ளியில், ஆசிரியர் ஒரு வகுப்பைப் பார்க்கும்போது மற்ற வகுப்புக்குத் திரையாவது இருக்கட்டுமே என்பது. அந்த நிலையில் திரை உதவும், மறுக்கவில்லை. ஆனால் தற்காலிக ஊன்றுகோலைக் காட்டி ஆசிரியர் பணியிடத்தை நிரப்பாமல் விடுவது கூடாது. மேலும், கருவிகள் ஆசிரியரின் நேரத்தை மிச்சப்படுத்துவதற்குப் பதில் விழுங்கவும் செய்கின்றன. 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கும் நல்ல முறை. ஆனால் செயலியில் மதிப்பீடு பதிவதும் கல்வி மேலாண்மைத் தகவல் தளமான எமிஸில் விவரம் ஏற்றுவதும் கற்பிக்கும் நேரத்தைத் தின்கின்றன என்று ஆசிரியர் அமைப்புகள் தொடர்ந்து முறையிட்டு வந்தன. வேலைக்கு அஞ்சிய புலம்பலாக இதைத் தள்ளிவிடக் கூடாது. சர்வர் சுற்றிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஒரு பிள்ளையின் வாசிப்பைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டிய நிமிடம்.

ஆகவே வகுப்பறைக் கருவிகளை அளக்க நமக்கு வேறு அளவுகோல் வேண்டும். எத்தனை பள்ளிக்குத் திரை போனது, எத்தனை பேர் செயலியைத் தரவிறக்கினார்கள் என்பவை செலவுக் கணக்கு மட்டுமே. ஒரு கருவியை வாங்கும் முன்பே, எந்தப் பாடத்தில் எந்தத் தடுமாற்றத்தை அது தீர்க்கும் என்று அதைப் பயன்படுத்தப்போகும் ஆசிரியர்கள் சொல்ல வேண்டும். இணையம் அறுந்தாலும் இயங்கும் தமிழ்ப் பாடங்களும், பழுது பார்க்க ஆளும் பணமும், பயிற்சிக்கு நாளும் அதே ஆணையில் இடம்பெற வேண்டும். ஓராண்டு கழித்து, அந்த வகுப்புப் பிள்ளைகள் முன்பைவிட நன்றாக வாசிக்கிறார்களா, கணக்குப் போடுகிறார்களா என்று பார்த்து, இல்லையென்றால் நிறுத்தும் துணிவு கல்வித் துறைக்கு இருக்க வேண்டும். யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கையும், தொழில்நுட்பம் யாருடைய தேவைக்காக வகுப்பறைக்குள் வருகிறது என்பதைத்தான் கேட்டது. அதே புதுக்கோட்டை மாவட்டத்து அன்னவாசல் வட்டாரத்தின் ஒரு தொடக்கப் பள்ளிக்கு அடுத்துப் போக வேண்டியது திரையா, இன்னோர் ஆசிரியரா என்று இரண்டில் ஒன்றைத் தேர வேண்டி வந்தால், முதலில் ஆசிரியரை அனுப்ப வேண்டும். திரை எப்போது வேண்டும், எதற்கு வேண்டும் என்பதை அவர் சொல்வார்.