உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

ஜொகூரின் பெக்கான் நானாஸில், நம் ஊரில், அன்னாசி வாங்கத் தெரிந்தவர் பழத்தைத் தூக்கி அடிப்பக்கத்தை முகர்ந்து பார்ப்பார். கர்நாடக இசைத்தட்டு வாங்குவதற்கும் அப்படியொரு கைப்பழக்கம் வேண்டும்: உறையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிப்பது. இந்தப் பழக்கம் இருந்தால் சுமாரான கடையிலும் நல்ல பதிவு கிடைக்கும்.

நம் ஊரிலிருந்து இசைத்தட்டு தேடிப் புறப்படுகிறவர் ஸ்கூடாய் வழியாக ஜொகூர் பாருவுக்குப் போகலாம். 1998இல் திறந்த இரண்டாவது பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கும் போகலாம். எங்கே போனாலும் கர்நாடக இசைக்கென்றே தனிக்கடை இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கேசட்டும் சிடியும் ஓடிய காலத்தில் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலும் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலும் தெருவெல்லாம் பாட்டு கேட்டது. இன்று மிச்சமிருப்பது பூஜைப்பொருள் கடையின் ஒரு மூலையும், பழைய பொருள் சந்தையின் சில பெட்டிகளும்தான். அந்த மூலையை எடைபோடத் தெரிய வேண்டும்.

நல்ல கடையை எனக்குக் காட்டிக்கொடுப்பது அடுக்கிவைத்திருக்கும் விதம். எல்லாவற்றையும் 'பக்தி' என்று ஒரே தட்டில் குவித்திருந்தால் விற்பவருக்கு அது வெறும் சரக்கு. வாய்ப்பாட்டு, வீணை, வயலின், நாதஸ்வரம் என்று பிரித்திருந்தால் அங்கே காது உள்ள ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஒரு கேள்வி போதும்: "அண்ணே, இதில் மிருதங்கம் யார்?" உடனே பதில் வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டாலும், உறையைத் திருப்பிப் பார்த்துச் சொன்னால் அவர் கடைக்கு மறுபடியும் போங்கள். போட்டுக் கேட்க விடுகிறாரா என்பதையும் பாருங்கள்.

மிருதங்கம் யார் என்று ஏன் கேட்க வேண்டும்? கச்சேரி என்பது பாடகர் ஒருவரின் காரியமல்ல. பாலக்காடு மணி ஐயர் வாசித்த பதிவையும் பழனி சுப்பிரமணிய பிள்ளை வாசித்த பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரே கீர்த்தனை இரண்டு விதமாக நடப்பது தெரியும். 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியதை எல்லோரும் சொல்வார்கள். வயலினில் வி.வி. சுப்பிரமணியமும் மிருதங்கத்தில் டி.கே. மூர்த்தியும் உடனிருந்ததைச் சொல்பவர் குறைவு. பக்கவாத்தியக்காரர் பெயரே போடாத உறையை நான் பெரும்பாலும் கீழே வைத்துவிடுவேன். பெயர், ராகம், தாளம், இயற்றியவர், கச்சேரியில் எடுத்ததா ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுத்ததா, எந்த ஆண்டு என்று எல்லாம் அச்சிட்டிருந்தால், அந்தப் பதிவை வெளியிட்டவர்கள் நம்மை மதித்திருக்கிறார்கள். சென்னையின் சார்சூர் நிறுவனம் டிசம்பர் இசைவிழாக் கச்சேரிகளை மேடையிலிருந்தே பதிந்து வெளியிட்ட சிடிகளைத் தேட நான் சொல்வது இதனால்தான். தனி ஆவர்த்தனமும் அவையின் கைதட்டலும் அவற்றில் இருக்கும்.

பதிவின் நீளத்தையும் கணக்கில் எடுங்கள். கிராமபோன் கம்பெனிக்காரர்கள் கல்கத்தாவில் முதன்முதலாகப் பதிவு செய்தது 1902இல். அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம் வித்வான்களுக்குக் கிடைத்தது 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம், சுமார் மூன்று நிமிடம். பிறகு வந்த எல்.பி.யில் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல், சிடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல். நீளமானதுதான் சிறந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று நிமிடத்தில் ராகத்தின் முகத்தைக் காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடி பழைய வித்வான்களிடமிருந்து அசாத்தியமான சுருக்கத்தை வாங்கியிருக்கிறது. வீணை தனம்மாள் அறுபதைக் கடந்த வயதில், 1932இல், கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காக வாசித்ததைக் கேட்டால் இது விளங்கும். ஒரு ஸ்வரம் வீணில்லை. டி.என். ராஜரத்தினம் பிள்ளை 78 தட்டில் கொடுத்த தோடி ஆலாபனையும் அப்படித்தான். கோயில் திருவிழாவில் நாதஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்த மலேசியத் தமிழருக்கு, தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பழைய பதிவுகளைச் சிடிக்கு மாற்றியவர்கள் எல்லோரும் கவனமாக இருக்கவில்லை. தட்டைக் கொஞ்சம் வேகமாகச் சுழற்றிவிட்டால் சுருதி ஏறி, குரல் மெலிந்து, காலப்பிரமாணம் ஓடும். சந்தேகம் வந்தால் சுருதிப்பெட்டியோடு வைத்துப் பாருங்கள். அன்றைய தம்பூரா இன்றைய கட்டையோடு அச்சாகப் பொருந்த வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாடகர் வழக்கமாகப் பாடும் சுருதியைவிட ஒரு கட்டை ஏறியிருந்தால் அந்தச் சிடி வேண்டாம்.

இனி தேட வேண்டிய இடங்கள். ஜொகூர் பாருவில் ஜாலான் உங்கு புவான் பக்கம் தமிழர் கடைகளைப் பார்த்துவிட்டு, மாலைக்குமேல் கூடும் பாசார் காராட் என்ற பழைய பொருள் சந்தைக்குப் போகலாம். சிங்கப்பூரின் சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. அந்த இழப்பு இன்னும் ஈடாகவில்லை. வடக்கே போகிறவர்களுக்குப் பெட்டாலிங் ஜெயாவின் அம்கோர்ப் மால் வாரஇறுதிச் சந்தையும், பினாங்கின் லோரோங் கூலிட்டும் உண்டு. சென்னையில் மூர் மார்க்கெட் சந்தை 1985இல் தீக்கிரையானது. இன்று மயிலாப்பூர் கிரி டிரேடிங்கும் ராயப்பேட்டை கர்நாடிக் மியூசிக் புக் சென்டரும் நினைவுக்கு வருகின்றன. பயணத்தை டிசம்பரில் வைத்துக்கொண்டால் கச்சேரியும் கேட்கலாம்.

சந்தையில் வாங்கும்போது கண் வேலை செய்ய வேண்டும். எல்.பி.யை விளிம்பில் பிடித்து, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். மயிரிழைக் கோடுகள் பெரிதல்ல. நகத்தை வைத்தால் தடுக்கும் கீறல் இருந்தால் ஊசி அங்கே எகிறும். கண் மட்டத்தில் வைத்து வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிப்பது சகஜம். தட்டில் வெள்ளைப் புள்ளியாக இருந்தால் காய்ச்சி வடித்த நீரும் மெல்லிய துணியும் போதும், வரிப்போக்கிலேயே துடைக்க வேண்டும். கேசட்டில் சின்னக் கண்ணாடி வழியே நாடாச் சுருளின் ஓரம் வெளுத்துத் தெரிந்தால் தொடாதீர்கள். உங்கள் கருவியையும் அது கெடுக்கும். நாடாவுக்குப் பின்னால் ஒரு பஞ்சுத் துண்டு இருக்கும். அது உதிர்ந்திருந்தால் ஒலி மங்கும். 78 தட்டு அரக்கால் ஆனது, கை தவறினால் உடையும். எல்.பி. ஊசியை அதில் வைக்கவே கூடாது. ஏறத்தாழ மூன்று மடங்கு அகலமான தனி ஊசி அதற்கு வேண்டும்.

ஒரே நாளில் பெட்டி நிறைய வாங்குவதைவிட, இரண்டு தட்டு வாங்கி ஒரு மாதம் கேட்பது மேல். 'சிறந்த பத்துப் பாடல்கள்' வகைத் தொகுப்புகளில் ஆலாபனையை வெட்டியிருப்பார்கள். அவற்றுக்கு ஐந்து வெள்ளிகூட அதிகம்.

இத்தனை கடைகளுக்கும் மேலான இடம் ஒன்று நம் வீடுகளில் இருக்கிறது. தோட்டத்திலிருந்து தாமான் குடியிருப்புக்கு மாறியபோது தாத்தா கட்டிக்கொண்டு வந்த பெட்டி, பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ கிடக்கலாம். வீட்டைக் காலி செய்யும்போது அதை இரும்புக் கடைக்காரரிடம் நிறுத்துப் போட்டுவிடாதீர்கள். திறந்து பாருங்கள், உறையில் உள்ள பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள், கேட்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அதன் பிறகு கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யுங்கள்.