'கீழ்த்திசை ஒளி'யில் விடுபட்டவர்கள்

2008ஆம் ஆண்டின் இறுதியில் முள்ளியவளையை விட்டு மக்கள் இடம்பெயர்ந்தபோது காணி உறுதிகளையும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களையும் எடுத்துச் சென்றனர். கடிதக் கட்டுகள் பெட்டகங்களிலேயே கிடந்தன. மீண்டு வந்தபோது பெட்டகமும் இல்லை. பல வீடுகளுக்குக் கூரையும் இல்லை. அண்ணன் தம்பிக்கு எழுதியதும், உடன்பயின்ற நண்பன் எழுதியதும் அவ்வாறே போயின. ஆகவே ஒருவருடைய கடிதங்கள் அச்சேறி நிலைத்திருக்கக் காணும்போது, எவருடையவை நிலைத்தன, அவற்றுள்ளும் எவை தேர்ந்தெடுக்கப்பட்டன என்று கேட்கத் தோன்றுகிறது.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் தம் ஆங்கில நண்பர் எட்வர்ட் கார்ப்பெந்தருக்கு எழுதிய கடிதங்களையே இங்குக் கருதுகிறேன். இருவர் நட்பும் 1870களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் முளைத்தது. ஒருவர் கொழும்பிலிருந்து புலமைப்பரிசில் பெற்றுச் சென்ற மாணவர். மற்றவர் அங்குக் கற்பித்தவர், பின்னர் அப்பதவியைத் துறந்து சமதர்மம் பேசியவர். அருணாசலம் 1875இல் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்தார். கடல் இடையிட்டும் நட்பு அறவில்லை. நண்பர் அளித்த பகவத்கீதை மொழிபெயர்ப்பு தம் கவிதைக்கு வழிதிறந்ததென்று கார்ப்பெந்தரே பின்னாளில் எழுதினார். 1890இல் அவர் இலங்கைக்கு வந்து, குருநாகலில் அருணாசலத்தின் குருவாகிய இராமசாமி என்பவரிடம் பாடங் கேட்டார். குரு தமிழில் சொல்ல, நண்பர் ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஆளும் இனத்தவர் ஒருவர் ஆளப்படுவோரின் மொழிக்கு முன் மாணவராக அமர்ந்தது அக்காலத்தில் சிறு செய்தி அன்று.

அருணாசலம் 1924இல் மதுரையில் மறைந்தார். மூன்றாண்டு கழித்துக் கார்ப்பெந்தர் அக்கடிதங்களைப் பதிப்பித்தபோது, 'கீழ்த்திசை ஒளி' என்று பெயரிட்டு, ஞானம் பற்றிய கடிதங்கள் என்று விளக்கமும் சேர்த்தார். நூலின் சிறப்பும் குறையும் அந்தத் தலைப்பிலேயே உள்ளன. சைவ சித்தாந்தத்தைப் பிறமொழியாளருக்கு இத்துணைத் தெளிவாக, அதுவும் நண்பனோடு பேசும் குரலில் சொன்னவர் சிலரே. ஆனால் அந்நூலை மட்டும் படிப்பவர் கண்முன் நிற்பது 'கீழ்த்திசை'. அருணாசலம் என்ற மனிதர் பின்னே ஒதுங்கிவிடுகிறார். நண்பன் மீது கொண்ட அன்பே அவனைத் திசையொன்றின் சின்னமாக்கிவிட்டது.

அம்மனிதர் 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவர். அதற்கு ஆறாண்டு முன்னர் ஜே. பி. லூயிஸ் வன்னி பற்றி வெளியிட்ட கையேட்டைப் புரட்டினால், காய்ச்சலும் பாழடைந்த குளங்களும் குன்றும் மக்கள் தொகையும் முன்வந்து நிற்கும். முள்ளியவளையின் உழவனும் கீழ்த்திசையிலேதான் இருந்தான். அவனைத் தலையெண்ணிக் கணக்கில் கொணர்ந்த அதிகாரியும் ஞானக் கடிதம் எழுதியவரும் ஒருவரே என்பதை இந்நூல் நமக்கு நினைவூட்டுவதில்லை. ஓய்வுபெற்றபின் 1915இல் சமூக சேவைச் சங்கத்தையும் 1919இல் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தையும் நிறுவியவர் அவர். ஒப்பந்தத்தை மீறிய தோட்டத் தொழிலாளியைச் சிறையிலிடும் சட்டத்துக்கு எதிராகப் போராடியவர். கார்ப்பெந்தருக்கு இவற்றில் நாட்டமில்லை என்பதற்கில்லை. தம் இலங்கைப் பயண நூலில் தேயிலைத் தோட்டத்தையும் கூலியாட்களையும் நேரிற் கண்டு எழுதியவர்தாம். எனினும் நண்பர் இறந்தபின் எடுத்து நீட்டியது ஞானத்தை மட்டுமே.

இன்னொரு விடுபாடும் உண்டு. அருணாசலத்தின் தமையனார் இராமநாதனும் சமயநூல் வல்லவரே. 1915இல் சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக அஞ்சாது வாதாடிய அவர், 1928இல் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். ஒரே வீடு, ஒரே சமயம். தம்பி தொழிலாளரிடம் சென்றார், தமையன் அவர்களுக்கு வாக்கு வேண்டாமென்றார். ஞானம் ஒன்றாயிருக்க அரசியல் ஏன் பிரிந்தது? கேம்பிரிட்ஜ் நண்பருக்கு எழுதியவற்றைவிட, அவ்விருவரும் தமக்குள் எழுதிக்கொண்டவற்றைப் படிக்கவே என் மனம் விழைகிறது.

இக்கடிதங்களை இனித் தமிழில் தருவோர், 1901 அறிக்கையின் பகுதிகளையும் தொழிலாளர் பற்றிய அவருடைய உரைகளையும் அதே நூலில் சேர்க்கட்டும். விலையும் சிறிது குறைவாக இருக்கட்டும். எங்கள் ஊர் வாசகசாலையும் ஒரு பிரதி வாங்க வேண்டுமல்லவா?