சொல்லுக்குப் பொறுப்பாளி யார்?

மட்டக்களப்பு வாவிக் கரையின் ஊர்களிற் கூத்துக் களரியைக் கண்டவர்கள் ஒன்றை அறிவர். சுற்றிவரச் சனங்கள் அமர்ந்திருக்க, நடுவே நின்று பாடுகிறவனுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. பாட்டுத் தவறினால் அண்ணாவியார் எடுத்துக் கொடுப்பார். ஆட்டம் பிழைத்தால் சபை முணுமுணுக்கும். சொன்னவனைக் கேட்டவன் அறிந்திருப்பதே அக்களரியின் ஒழுங்கு. சனநாயகத்தின் ஒழுங்கும் இதுவே. பேச்சுரிமை என்பது வாய் திறக்கும் உரிமை மாத்திரமன்று. பேசியவனை எதிர்த்துக் கேட்கும் உரிமையும் அதனுள் அடங்கும்.

கைபேசியும் சமூக வலைத்தளமும் இவ்வொழுங்கைக் குலைத்த விதத்தை அறிய நாம் கடல் கடந்து செல்லவேண்டியதில்லை. வாவிக்குத் தெற்கே, அம்பாறை நகரில், 2018 பெப்ரவரி 26ஆந் திகதி இரவு நிகழ்ந்ததே போதும். முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உண்ண வந்த சிங்களவர் ஒருவர் உணவிலே ஒரு கட்டியைக் கண்டார். அது மலடாக்கும் மாத்திரை என்று கூச்சல் எழுந்தது. சிங்களவரின் தொகையைக் குறைக்க முஸ்லிம்கள் மருந்து கலக்கிறார்கள் என்ற பொய் முன்னரே முகநூலில் உலவியிருந்தது. கூட்டத்தின் நடுவே அகப்பட்ட கடைக்காரர் தமிழ் பேசுபவர். சிங்களம் அவருக்குச் சரிவரத் தெரியாது. வினா விளங்காமல், அச்சத்தோடு அவர் சொன்ன அரைகுறை விடை ஒப்புதல் வாக்குமூலம் ஆக்கப்பட்டு, காணொளியாக நாடெங்கும் பரவியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்தக் கட்டி வெறும் மா என்பது பின்னர் பகுப்பாய்வில் தெரிந்தது. அடுத்த சில நாட்களில் கண்டி மாவட்டத்துத் திகனவில் கலவரம் மூண்டது. அதன் உடனடிக் காரணம் வேறு. ஆயினும் அத்தீக்கு எண்ணெய் வார்த்தவற்றுள் இப்பொய்யும் ஒன்று.

இதிலே ஆதாயம் யாருக்கு? சனங்களின் கண்களைத் திரையில் நிறுத்திவைத்து, அந்நேரத்தை விளம்பரக்காரருக்கு விற்பதே இந்நிறுவனங்களின் வாணிபம். ஆத்திரமூட்டும் சொல்லே அதிக நேரம் நிறுத்திவைக்கும் சொல். இனவெறிப் பதிவுகளைப் பற்றி முறைப்பாடு செய்தவர்களுக்கு, விதிமீறல் இல்லை என்ற விடையே பன்முறை கிடைத்தது. முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது. இலாபம் உடனுக்குடன் வந்தது. வருத்தம் ஈராண்டு கழித்து வந்தது!

எனினும் எல்லாப் பழியையும் கருவியின் மீது சுமத்திவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. 1990இல் இவ்வாவிக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் சிந்திய இரத்தத்துக்குக் கைபேசி காரணமன்று. பகை முன்னரே இருந்தது. கருவி அதற்குக் கால் முளைக்கச் செய்தது. சொன்னவனின் முகத்தையும் மறைத்தது.

அப்படியாயின் அரசு காப்பாற்றுமா? 2018 மார்ச்சில் அது வலைத்தளங்களை முடக்கியது. 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் பிற இடங்களிலும் குண்டுகள் வெடித்தபின் மீண்டும் முடக்கியது. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை இயற்றியது. பொய்க் கூற்று எது என்று தீர்மானிக்க, சனாதிபதி நியமிக்கும் 5 பேர் கொண்ட ஆணைக்குழுவுக்கு அது வகை செய்தது. ஆட்சியாளரின் நியமனத்தால் வந்தவர்கள் ஆட்சியாளரின் பொய்யைப் பொய் என்பார்களா?

அதிகாரம் எவ்வாறு வாசிக்கிறது என்பதற்கு நம் இலக்கிய உலகிலேயே சான்று உண்டு. மன்னாரைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2017இல் ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுதியை வெளியிட்டார். அதில் வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் உள்ளன. அதனையே தீவிரவாத நூலெனக் கொண்டு, 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவரைக் கைது செய்தனர். 2021 டிசம்பரிற் பிணை கிடைக்கும்வரை ஏறத்தாழ 19 மாதங்கள் அவர் அடைபட்டிருந்தார். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

அம்பாறையில் ஒரு தமிழ்ச் சொல்லைக் கும்பல் பிழையாகக் கேட்டது. மன்னாரில் ஒரு தமிழ் நூலை அரசு பிழையாக வாசித்தது. கும்பலும் அரசும் ஒரே குற்றத்தையே செய்தன: சொன்னவனிடம் பொருள் கேட்கவில்லை. ஆகையால் வாசிப்பை நிறுவனத்திடமும் ஒப்படைக்க முடியாது. ஆணைக்குழுவிடமும் ஒப்படைக்க முடியாது. அது மக்களின் தொழில். முதற்கண் ஆசிரியர்களின் தொழில்.

காத்தான்குடியும் ஆரையம்பதியும் அடுத்தடுத்த ஊர்கள். ஒன்று முஸ்லிம்களின் ஊர், மற்றது தமிழரின் ஊர். பேசும் மொழியோ ஒன்றே. அவ்விரு ஊர் மாணவரும் மாதம் ஒருமுறை ஒரே வகுப்பில் அமரட்டும். கைபேசியில் வந்த ஒரு செய்தியை நடுவில் வைத்து, யார் சொன்னது, எம்மொழியிற் சொன்னது, எவருக்கு ஆதாயம் என ஒருவரையொருவர் கேட்கட்டும். சிங்களம் கற்ற ஓர் ஆசிரியரும் உடனிருக்கட்டும். இது சிறு காரியந்தான். ஆனால் அன்றிரவு அம்பாறையில், இரு மொழியும் அறிந்த ஒருவர் அக்கடைக்காரரின் பக்கத்தில் நின்று, “அவர் சொன்னது அதுவல்ல” என்று சொல்லியிருந்தால்? அவ்வொருவரை உருவாக்குவதே நம் கடமை.