வெளிநாட்டுக் கடைவீதியில் ஒரு சென்னிமலைப் பார்வை

கோவையிலிருந்து நேரடி விமானம் இருப்பதால் ஈரோடு, பெருந்துறை, சென்னிமலைப் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சிங்கப்பூர் இன்று தொலைதூர ஊராகத் தெரிவதில்லை. கிளம்பும் முன்பே பட்டியல் தயாராகிவிடும்: மாமனுக்குச் சட்டை, சின்னம்மாவுக்குக் கைப்பை, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பனியன். கடைசி நாள் லிட்டில் இந்தியாவின் முஸ்தபா சென்டரிலேயே கரைந்துவிடும்.

இதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. வெளியூர் போய் வந்தவர் வெறுங்கையோடு உறவினர் வீட்டு வாசலை மிதிக்கத் தயங்குவது நம் பண்பாடு. வாங்குபவர் இடமறிந்து வாங்கினால் அந்தப் பணம் கைவினைஞர் வரை போய்ச் சேரவும் செய்யும். தாய்லாந்து 2001 முதல் 'ஒரு தம்போன் (ஊர்த்தொகுதி), ஒரு பொருள்' என்ற திட்டத்தை நடத்தி, கிராமத்துத் துணிக்கும் கூடைக்கும் சுற்றுலாச் சந்தையைத் திறந்துவிட்டிருக்கிறது.

கெடுப்பது பட்டியல்தான். இருபது பேருக்கு வாங்க வேண்டும் என்றால் கண் மலிவைத்தான் தேடும்; பாங்காக்கின் பிரதுநாம் போன்ற மொத்தச் சந்தையில் போய் நிற்கும். அங்கே குவிந்திருக்கும் ஆயத்த ஆடைகளில் பெரும்பகுதிக்கு ஈரோட்டுச் சந்தையிலேயே ஈடு கிடைக்கும். பெரிய கடைகளில் எடுக்கும் பனியனிலோ 'மேட் இன் இந்தியா' என்றிருக்கலாம். ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களுக்குத் தைத்து அனுப்பும் திருப்பூர் இங்கிருந்து கூப்பிடு தூரம். இப்படி வாங்கி நிரப்பிய பையில் போய்வந்த ஊரின் கைவண்ணம் எதுவுமே இல்லை.

இதைவிடப் பெரிய கேடு போலி. ஆஸ்திரேலியாவில் பழங்குடிக் கலைப் பாணியில் விற்கும் நினைவுப்பொருள்களை அந்நாட்டு உற்பத்தித்திறன் ஆணையம் ஆராய்ந்தது. அவற்றுக்காகச் செலவாகும் பணத்தில் பாதிக்கு மேல் பழங்குடியினர் கைபடாத பொருள்களுக்கே போகிறது என்று 2022இல் அறிக்கை தந்தது. இந்தோனேசியாவில் மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக்குக்குப் பக்கத்திலேயே அச்சடித்த துணியும் 'பாத்திக்' என்ற பெயரில் தொங்குகிறது.

இந்த வலி சென்னிமலைக்குப் புதிதல்ல. போர்வைக்கும் ஜக்கார்டு பெட்ஷீட்டுக்கும் பெயர்பெற்ற ஊர் இது. கூட்டுறவு நெசவை இங்கே வளர்த்த எம்.பி. நாச்சிமுத்துவுக்கு 1983இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் சில வகைப் படுக்கை விரிப்புகள் கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்டன. உச்ச நீதிமன்றமும் 1993இல் அந்தச் சட்டம் செல்லும் என்றது. அப்படியிருந்தும் விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுகிறது என்பது நெசவாளர்களின் தீராத புகார். பாவு பூட்டி, நாடா ஓட்டி, நாளெல்லாம் காலால் மிதித்து நெய்தவருக்குச் சேர வேண்டிய கூலியை அந்தப் போலி விலை பறித்துவிடுகிறது.

உண்மையை அறியத் துணியின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். கைத்தறியில் நெய்யும்போது துணி சுருங்காமல் இருக்க, முனையில் ஊசி வைத்த குச்சியை அகலவாட்டில் பொருத்துவார்கள். நெசவு ஏற ஏற அதைக் கையால் எடுத்து மாற்றிக் குத்துவதால், இரு ஓரமும் இடைவெளி விட்டு ஊசித்துளைகள் விழும். விசைத்தறியில் அந்த வேலையை உருளை செய்வதால் துளைகள் வரிசையாக ஓடும். கைத்தறியில் ஊடையின் நெருக்கமும் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும்.

இந்தப் பார்வை உள்ளவர் வெளிநாட்டுக் கடையில் ஏமாறத் தேவையில்லை. மெழுகிட்டுச் செய்த பாத்திக்கைத் திருப்பினால் பின்பக்கமும் ஏறக்குறைய அதே நிறம் இருக்கும். அச்சுத்துணியின் பின்பக்கம் பெரும்பாலும் வெளுத்திருக்கும். ஆனால் பார்க்க நேரம் வேண்டுமே! குழுச்சுற்றுலாவில் வழிகாட்டி இறக்கிவிடும் கமிஷன் கடையில் அரைமணி நேரம்தான். அசல் என்று சொல்லும் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வண்டியேறிவிடுவார்கள். முத்திரையையும் அச்சடிக்க முடியும்.

ஆகவே பட்டியலைச் சுருக்குவதே முதல் வேலை. ஆளுக்கொரு பனியன் என்பதை விட்டுவிட்டு, வீட்டுக்கு ஒரு பொருள் போதும் என்று முடிவெடுத்தால், அந்தப் பணத்தில் நெய்தவரிடமோ கூட்டுறவுக் கடையிலோ பேசிப் பார்த்து வாங்கலாம். தைப்பூசத்துக்குச் சென்னிமலை வரும் சிங்கப்பூர், மலேசிய உறவினர்களும் போர்வை எடுக்கும்போது விலையைக் கேட்கும் முன் ஓரத்தைத் தடவிப் பார்க்கட்டும்.